ஊர் இத்தாலியில், சரக்கு ஆஸ்திரியாவுக்கு: ட்ரியெஸ்டே துறைமுகம் ஏன் அடிக்கடி செய்தியில் வருகிறது?

டெல்லி ஜி-20 மாநாட்டின்போது, 2023 செப்டம்பர் 9 அன்று, இந்தியா–மத்தியக் கிழக்கு–ஐரோப்பா பொருளாதார வழித்தடம் அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து அதன் வரைபடம் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையில் கோடு தொடங்குகிறது. அமீரகத்தில் கரையேறி, சவூதி, ஜோர்டான் வழியாக ரயிலில் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தைச் சேர்கிறது. அதுவரை எல்லோரும் ஒரே மாதிரிதான் வரைகிறார்கள். மத்தியதரைக் கடலைத் தாண்டியபின் ஐரோப்பாவில் அது எங்கே போய் முடிகிறது என்பதில்தான் ஆளுக்கொரு பதில். கிரேக்கத்தின் பிரேயஸ் என்கிறார்கள் சிலர். பிரான்ஸ் மார்செய் என்கிறது. இத்தாலி ட்ரியெஸ்டே என்கிறது.

முதல் இரண்டும் கேள்விப்பட்ட பெயர்கள். மூன்றாவது, சுமார் 2 லட்சம் பேர் வாழும் ஓர் எல்லையோர ஊர். ஜெனோவா, நேப்பிள்ஸ், வெனிஸ் என்று பெயர்பெற்ற துறைமுகங்களை வைத்துக்கொண்டு இத்தாலி ஏன் இந்த மூலையைக் காட்டுகிறது? விடையில் பாதி அந்த ஊரின் தெருக்களிலேயே இருக்கிறது. மீதிப் பாதி 1947-இல் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையில் இருக்கிறது.

முதலில் இடம்

ஏட்ரியாட்டிக் கடல் ஐரோப்பாவுக்குள் நீளமாக நுழைந்து முடியும் வடகிழக்கு முனையில் ட்ரியெஸ்டே இருக்கிறது. முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் 300 மீட்டருக்கு மேல் எழும் கார்ஸ்ட் என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். மேட்டில் ஏறியதும் சில கிலோமீட்டரில் ஸ்லோவேனிய எல்லை வந்துவிடும். நேர்கோட்டில் அளந்தால் ரோமைவிட வியன்னா பக்கம். மியூனிக் அதைவிடவும் பக்கம்.

இந்தச் செங்குத்தான ஏற்றத்தை நேரில் உணர ஒபிச்சினா டிராமில் ஏறினால் போதும். 1902-இல் ஓடத் தொடங்கியது. நகரின் நடுவே சாதாரண டிராமாகப் புறப்படும். சரிவு தொடங்கும் இடத்தில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் ஒரு தள்ளுவண்டி பின்னால் வந்து முட்டுக்கொடுத்து, பெட்டியை மேலே ஏற்றிவிடும். 2016-இல் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டபின் பல ஆண்டுகள் நின்றுகிடந்து, 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. மேலே இறங்கினால் ஊர்ப்பலகையில் இத்தாலியப் பெயரோடு ஸ்லோவேனியப் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

அந்த மேட்டிலிருந்து இறங்கி வருவதுதான் போரா என்னும் காற்று. உள்நாட்டில் தேங்கும் குளிர்ந்த, கனத்த காற்று மேட்டின் விளிம்பைத் தாண்டியதும் கடலை நோக்கிச் சரிந்து பாய்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிய வீச்சுகளும் பதிவாகியிருக்கின்றன. போரா வீசும் நாளில் ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சாய்ந்துகிடக்கும்; குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டோடும்; பளு தூக்கும் கிரேன்கள் நின்றுவிடும். பாதசாரிகள் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருமுனைகளில் கயிறும் சங்கிலியும் கட்டிவைக்கும் வழக்கம் இந்த ஊரில் இருந்தது. துறைமுகம் அமைக்க இயற்கை விரித்துவைத்த மெத்தை என்று இந்த இடத்தைச் சொல்லவே முடியாது. இருந்தும் இங்கே ஒரு பெரும் துறைமுகம் எழுந்தது. காரணம் கடலில் இல்லை.

பின்னிலம்: கதையின் மையச் சொல்

ஒரு துறைமுகத்துக்குச் சரக்கை அனுப்பும், அங்கிருந்து சரக்கை வாங்கும் உள்நாட்டுப் பகுதியைப் பின்னிலம் என்று அழைக்கலாம். ட்ரியெஸ்டேவின் விநோதம், அதன் பின்னிலம் அது இருக்கும் நாட்டில் இல்லை என்பதே. இங்கே இறங்கும் சரக்கில் பெரும்பங்கு ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனி, ஹங்கேரி, செக் குடியரசு ஆகிய நாடுகளுக்குரியது. மற்ற எல்லாக் குழப்பங்களும் இந்த ஒரு செய்தியிலிருந்து கிளைத்தவைதான்.

இப்படி ஆனது தற்செயலாக அல்ல. 1382-இல், அக்கரை வெனிஸின் பிடியிலிருந்து தப்பிக்க, ட்ரியெஸ்டே ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்திடம் அடைக்கலம் புகுந்தது. அடுத்த 300 ஆண்டுகளுக்கும் மேல் அது ஒரு சின்னஞ்சிறு கடலோர ஊர்தான். உப்பளமும் மீனும் திராட்சைத் தோட்டமும்தான் பிழைப்பு. 1719-இல் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் அதைச் சுங்கவிலக்குத் துறைமுகமாக அறிவித்தார். நிலத்தால் சூழப்பட்ட ஒரு பேரரசுக்குக் கடல் வாசல் தேவைப்பட்டது. ட்ரியெஸ்டே அந்த வாசலானது.

தெருவில் படிக்கக் கிடைக்கும் 18-ஆம் நூற்றாண்டு

அவர் மகள் மரியா தெரேசா காலத்தில் உப்பளங்களைத் தூர்த்து, கட்டம் போட்டாற்போல் நேர்த்தெருக்களோடு ஒரு புதிய பேட்டை எழுப்பினார்கள். இன்றும் அது அரசியின் பெயரால் போர்கோ தெரேசியானோ எனப்படுகிறது. அதன் நடுவே 1750-களில் வெட்டப்பட்ட வாய்க்காலைப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகள் வெனிஸை நினைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அழகுக்காக வெட்டியதல்ல அது. படகுகள் கடலிலிருந்து நேரே உள்ளே வந்து, வணிகரின் வீட்டு வாசலிலேயே சரக்கை இறக்க வேண்டும் என்பதற்காக வெட்டியது. அந்தப் பேட்டையின் பழைய கட்டடங்களில் தரைத்தளம் கிட்டங்கி. அதற்கு மேல் வணிகரின் வீடு.

வாய்க்காலின் உள்முனையில் நின்றால் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் எதிரே தெரியும். அதற்குப் பக்கத்திலேயே நீலக் குவிமாடங்களோடு செர்பிய ஆர்த்தடாக்ஸ் கோயில். கடற்கரைச் சாலைக்குப் போனால் கிரேக்கர்களின் கோயில். சற்றுத் தள்ளி, 1912-இல் திறந்த, யூதர்களின் பெரிய தொழுகைக்கூடம். சுங்கம் இல்லை என்றதும் செர்பியரும் கிரேக்கரும் யூதரும் ஆர்மீனியரும் வந்து கடை விரித்தார்கள். 1781-இல் இரண்டாம் ஜோசப் மதச் சகிப்பு ஆணை பிறப்பித்தார். வணிகர்கள் கோயில் கட்டிக்கொண்டு நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். பல சமய நல்லிணக்கம் என்று சுற்றுலாக் கையேடுகள் இதை உருக்கமாக எழுதும். வரி விலக்கின் விளைவு என்று எழுதுவது இன்னும் பொருத்தம்.

கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பெரிய சதுக்கத்தில், அதே 1750-களில் எழுந்த நான்கு கண்டங்களின் நீரூற்று இருக்கிறது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என நான்கு மூலைக்கு நான்கு உருவங்கள். ஐந்தாவது கண்டத்தை அன்று ஐரோப்பா கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மேற்பகுதியில் ட்ரியெஸ்டே நகரம் ஒரு பெண்ணாக இருக்கிறது. அவளைச் சுற்றிக் கிடப்பவை மலரோ கனியோ அல்ல; சரக்கு மூட்டைகளும் கயிற்றுச் சுருள்களும் பீப்பாய்களும்தான்.

நீராவி, ரயில், சூயஸ்

19-ஆம் நூற்றாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் கூடிவந்தன. 1831-இல் ஜெனரலி காப்பீட்டு நிறுவனம் இங்கே பிறந்தது. 1836-இல் ஆஸ்திரிய லாய்ட் தன் நீராவிக் கப்பல் பிரிவைத் தொடங்கியது. 1857-இல் வியன்னாவிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. லாய்டின் கப்பல்கள் பம்பாய்க்கு ஓடின.

ரயில் வந்த அதே 1857-இன் ஏப்ரலில், நோவாரா என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பல் உலகைச் சுற்றிவர ட்ரியெஸ்டேவிலிருந்து புறப்பட்டது. 1858-இன் தொடக்கத்தில் அது இலங்கையையும் சென்னையையும் தொட்டு, நிக்கோபார் தீவுகளுக்குப் போனது. அறிவியல் பயணம் என்றுதான் பெயர். ஆசிய வணிகத்துக்கு வழி பார்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்று.

1719-இல் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரில், 1910 கணக்கெடுப்பின்போது 2.2 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். இன்று அதைவிடக் குறைவு. ஒரு துறைமுக நகரம் 100 ஆண்டுகளில் வளராமல் சுருங்கியது ஏன் என்ற கேள்விக்கு விடை, கடலுக்குள் நீளும் ஒரு கல்பாலத்தின் பெயரில் இருக்கிறது.

1918: வாசல் மிஞ்சியது, வீடு போனது

சதுக்கத்திலிருந்து சில அடிகளில், கைப்பிடிகூட இல்லாமல் கடலுக்குள் 200 மீட்டருக்கு மேல் நேராக நீள்கிறது அந்தக் கல்பாலம். மாலையில் ஊரே அதில் உலாவ வரும். 1740-இல் மூழ்கிய சான் கார்லோ என்ற கப்பலின் சிதைவின்மேல் எழுப்பியதால் முன்பு அதற்கு அந்தக் கப்பலின் பெயர். 1918 நவம்பர் 3 அன்று ஆடாச்சே என்ற இத்தாலியப் போர்க்கப்பல் அங்கே வந்து நின்றது. அதன்பின் பாலத்தின் பெயரும் மோலோ ஆடாச்சே ஆனது.

இத்தாலிய தேசியவாதிகளுக்கு அது விடுதலை. துறைமுகத்தின் கணக்கில் அது வேறு மாதிரி. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு உடைந்து, பின்னிலம் முழுவதும் பல நாடுகளாயிற்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கச்சாவடி, தனிக் கொள்கை. இத்தாலிக்கோ ஏற்கெனவே ஜெனோவாவும் வெனிஸும் இருந்தன. பேரரசின் முதன்மை வணிகத் துறைமுகமாக இருந்த ஊர், ஏராளம் துறைமுகம் உள்ள நாட்டில் கடைசி மூலை ஆனது.

அடுத்து வந்தவை இருண்ட ஆண்டுகள். 1920 ஜூலையில் ஸ்லோவேனியர்களின் பண்பாட்டு மாளிகையைப் பாசிஸ்டுகள் எரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில், நெல் அரைக்கும் ஆலையாக இருந்த சான் சாபாவை நாஜிக்கள் பிணம் எரிக்கும் உலையோடு கூடிய முகாமாக்கினார்கள். 1945 மே மாதம் டிட்டோவின் யூகோஸ்லாவியப் படை நகரைப் பிடித்து சுமார் 40 நாள் வைத்திருந்தது. போர் முடிந்தது, ஊர் யாருக்கு என்பது மட்டும் முடியவில்லை. அதன் சட்டச் சிக்கல் இன்றைய செய்திகள்வரை நீள்வதால் வரிசையாகப் பார்ப்பது நல்லது.

1. 1947 பாரிஸ் சமாதான ஒப்பந்தம், ட்ரியெஸ்டேவையும் சுற்றுப்புறத்தையும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் பொறுப்பில் ஒரு தனிச் சுதந்திரப் பிரதேசமாக அறிவித்தது. அதன் எட்டாவது பிற்சேர்க்கை, துறைமுகம் எல்லா நாட்டுச் சரக்குக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தது.

2. பிரதேசத்துக்கு ஆளுநரை நியமிக்க வேண்டியது பாதுகாப்பு அவை. பனிப்போர் தொடங்கிவிட்டதால் ஒருவரையும் நியமிக்க முடியவில்லை. நகரமும் துறைமுகமும் அடங்கிய 'ஏ' மண்டலத்தை அமெரிக்க–பிரிட்டிஷ் ராணுவம் ஆண்டது. தெற்கிலிருந்த 'பி' மண்டலத்தை யூகோஸ்லாவியா ஆண்டது. பழைய தபால்தலை சேகரிப்பவர்கள், இத்தாலியத் தலைகளின் மேல் 'ஏ.எம்.ஜி. – எஃப்.டி.டி.' என்ற எழுத்துகள் குத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த ராணுவ ஆட்சியின் முத்திரை அது.

3. 1954 லண்டன் உடன்பாட்டில் 'ஏ' மண்டலம் இத்தாலிய நிர்வாகத்துக்கும் 'பி' மண்டலம் யூகோஸ்லாவிய நிர்வாகத்துக்கும் போயின. துறைமுகத்தின் சுங்கவிலக்கைத் தொடர்ந்து காப்பதாக இத்தாலி அதில் உறுதி கொடுத்தது. 1975 ஒஸிமோ ஒப்பந்தம் எல்லையை இறுதியாக்கியது.

சுதந்திரப் பிரதேசம் சட்டப்படி இன்னும் உயிரோடிருக்கிறது என்று வாதிடும் ஒரு சிறு இயக்கம் ட்ரியெஸ்டேவில் உண்டு. சிவப்பில் வெள்ளைக் கோடாரி ஈட்டி பொறித்த நகரக் கொடியோடு அவர்கள் ஊர்வலம் போகும் படம் அவ்வப்போது இணையத்தில் சுற்றும்; உடனே 'இத்தாலியிலிருந்து பிரியப் போகும் நகரம்' என்று தலைப்பு வைப்பார்கள். இத்தாலிய நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிரதேசம் கைவிடப்பட்டது; துறைமுகத்தின் தனிநிலை மட்டும் நிலைத்தது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே பாதிச் செய்திகளின் பிழை.

எல்லைக் கோட்டுக்கு இன்னொரு விளைவும் இருந்தது. ட்ரியெஸ்டே கைநழுவியதும், அன்று யூகோஸ்லாவியாவுக்குள் இருந்த ஸ்லோவேனியர்கள் 'பி' மண்டலத்திலிருந்த கோப்பரில் 1957-இல் தமக்கென ஒரு துறைமுகம் தொடங்கினார்கள். ட்ரியெஸ்டேவிலிருந்து சாலையில் சுமார் 20 கிலோமீட்டர்தான். இன்று கன்டெய்னர் கையாள்வதில் கோப்பர் ட்ரியெஸ்டேவை முந்திவிட்டது.

சுங்கவிலக்கு என்றால் உண்மையில் என்ன?

ஊர்க்கடையில் எதுவும் மலிவாகக் கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சலுகை, துறைமுகத்துக்குள் வேலியிட்ட குறிப்பிட்ட வளாகங்களுக்கு மட்டும்தான். அந்த வேலிக்குள்:

1. வெளிநாட்டுச் சரக்கை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். வேறெங்கும் சுங்கக் கிட்டங்கியில் இதற்கு நிபந்தனைகளும் உத்தரவாதத் தொகையும் கேட்பார்கள்.

2. அங்கிருந்து மறுபடி வெளிநாட்டுக்கே போனால் சுங்க வரி இல்லை.

3. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனால் வரி உண்டு. ஆனால் அதைக் கட்ட ஆறு மாதம்வரை அவகாசம், குறைந்த வட்டியில்.

மற்ற ஐரோப்பியச் சுங்கவிலக்கு வளாகங்கள் ஒன்றியத்தின் சட்டப்படி இயங்குபவை. ஒன்றியம் நினைத்தால் மாற்றலாம். ட்ரியெஸ்டேவின் உரிமை 1947 ஒப்பந்தத்திலிருந்து வருவது. ஒன்றியத்தின் அடிப்படை உடன்படிக்கைக்கு முன்பே இருந்த சர்வதேசக் கடமைகளை ஒன்றியம் மதித்தாக வேண்டும். ட்ரியெஸ்டேக்காரர்கள் அந்தப் பிற்சேர்க்கையை வேதம் போல மேற்கோள் காட்டுவது இதனால்தான்.

காப்பியை எடுத்துக்கொண்டால் இதன் பயன் புரியும். இல்லி நிறுவனம் 1933-இல் பிறந்த ஊர் இது; இத்தாலியின் முக்கியமான காப்பித் துறைமுகமும் இதுவே. பச்சைக் காப்பிக்கொட்டைக்கு ஐரோப்பிய ஒன்றியம் சுங்க வரியே விதிப்பதில்லை. அப்படியானால் சுங்கவிலக்கால் என்ன லாபம்? நேரம்தான். காப்பி என்பது விலை ஏறும்வரை மூட்டையிலேயே காத்திருக்கக்கூடிய பொருள். வாங்குபவர் முடிவாகாத நிலையில், மதிப்புக்கூட்டு வரி கட்டாமல், காகிதக் கெடுபிடி இல்லாமல், மாதக்கணக்கில் கிட்டங்கியில் கிடக்கலாம். கிட்டங்கிக்குள்ளேயே தரம் பிரிக்கலாம், கலக்கலாம், மூட்டை மாற்றலாம். இந்தியக் காப்பியை உலகிலேயே அதிகம் வாங்கும் நாடு இத்தாலி என்பதால், இந்த ஏற்பாடு குடகுக்கும் ஏற்காட்டுக்கும் முற்றிலும் தொடர்பில்லாதது அல்ல.

யாரும் படம் எடுக்காத பெரும்பகுதி

சரக்கின் எடையை வைத்துப் பார்த்தால் இத்தாலியின் முதல் துறைமுகம் ட்ரியெஸ்டே. ஆண்டுக்கு 5 முதல் 6 கோடி டன். அதில் மிகப் பெரும்பங்கு கச்சா எண்ணெய். நகரின் தென்புறத்தில் டேங்கர்கள் இறக்கும் எண்ணெய், 1967-இல் திறந்த ஆல்ப்ஸ் குழாய்வழியாக ஆஸ்திரியாவைத் தாண்டி தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள இங்கோல்ஸ்டாட் வரை போகிறது. ஆஸ்திரியாவுக்கும் பவேரியாவுக்கும் இதுவே உயிர்நாடி. 2025-இல் செக் குடியரசு ரஷ்ய எண்ணெயை முழுவதும் நிறுத்த முடிந்ததும் இந்தக் குழாயின் கொள்ளளவைக் கூட்டியதால்தான். குழாய்க்குள் ஓடுவது இத்தாலியர்களின் எண்ணெய் அல்ல; இத்தாலி வெறும் வாசற்படி.

அடுத்தது லாரிகள். துருக்கியிலிருந்து கப்பலேறி வரும் டிரெய்லர்கள் இங்கே இறங்கி, பல இங்கேயே ரயிலில் ஏற்றப்பட்டு ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போகின்றன. ரயில் நேரே கப்பல்துறைக்குள் வருவதுதான் இந்தத் துறைமுகத்தின் உண்மையான சொத்து. அதோடு 18 மீட்டர் வரை ஆழமுள்ள நீர். பெரிய கப்பலுக்காகத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிர்க் காட்சி ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய துறைமுகம். 1891-இல் நகரம் முழுவதற்கும் இருந்த சுங்கவிலக்கை எடுத்துவிட்டு, அப்போது புதிதாகக் கட்டியிருந்த இந்த வளாகத்துக்குள் அதை அடைத்தார்கள். 60 ஹெக்டேருக்கும் மேல் பரப்பு. அழுத்த நீரால் கிரேன்களை இயக்கிய பழைய இயந்திரக்கூடம் இன்னும் நிற்கிறது. கன்டெய்னர் காலத்துக்கு ஒத்துவராமல் பல பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. 18-ஆம் எண் கிட்டங்கியில் நாற்காலிகளும் பீரோக்களும் குடும்பப் புகைப்படங்களும், மேலே பெயர் எழுதியபடி, குவிந்து கிடந்தன. யூகோஸ்லாவியாவுக்குப் போன இஸ்திரியா தீபகற்பத்திலிருந்து வெளியேறிய இத்தாலியர்கள், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்படைத்துவிட்டுப் போனவை. பலர் திரும்பி வரவே இல்லை.

அப்படியானால் இந்திய வழித்தடம்?

வரைபடத்தைக் காட்டி ஆகா ஓகோ என்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

1. சவூதி–ஜோர்டான்–ஹைஃபா ரயில் பாதை இன்னும் முழுமையாக இணையவில்லை. அறிவிப்பு வந்த ஒரே மாதத்தில் காஸா போர் தொடங்கியது.

2. பாதை முடிந்தாலும் கன்டெய்னர் பெட்டி கப்பலில் ஏறி, ரயிலுக்கு மாறி, மறுபடி கப்பல், மறுபடி ரயில். ஒவ்வொரு ஏற்றி இறக்கலும் செலவு. ஒரு பெரிய கப்பல் 10,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கொண்டுவரும். ஒரு ரயில் சில நூறு. சூயஸ் திறந்திருக்கும்வரை விலையில் ரயில் ஜெயிப்பது கடினம்.

3. ட்ரியெஸ்டேவுக்கு உடனடித் தேவை செங்கடல் அமைதி. சூயஸ் வழியாக வந்தால் மியூனிக் சரக்குக்கு வட ஜெர்மனியின் ஹாம்பர்கைவிட ட்ரியெஸ்டே நான்கைந்து நாள் மிச்சம். 2023 இறுதியில் யேமனின் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலான ஜிப்ரால்டர் பக்கமிருந்து வரும் கப்பலுக்கு ஏட்ரியாட்டிக்கின் உச்சி ஒரு முட்டுச்சந்து.

4. சூயஸ் சரியாக இருந்த காலத்திலும் பவேரியாவின் பெருஞ்சரக்கு ஹாம்பர்குக்கே போனது. அங்கே தினமும் கப்பல். ரயில் பெரும்பாலும் சமவெளியில் ஓடும். இங்கே ஆல்ப்ஸ் ஏற வேண்டும்.

என் கணிப்பில், இந்திய வழித்தடம் ட்ரியெஸ்டேவுக்கு ஒரு நல்ல விளம்பரம். பிழைப்பு அதை நம்பி இல்லை. பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது வரைபடத்தைவிட நம்பகமானது. 2021-இல் இங்குள்ள ஒரு சரக்கு முனையத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது வேறு யாருமல்ல, ஹாம்பர்க் துறைமுகத்தின் எச்.எச்.எல்.ஏ. நிறுவனம். கடலே இல்லாத ஹங்கேரி, பழைய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்த இடத்தில் 32 ஹெக்டேர் நிலத்தை 60 ஆண்டுக்கு எடுத்து, சொந்தமாக ஒரு முனையம் அமைக்க முனைந்திருக்கிறது. பழைய பின்னிலம் தன் வாசலைத் தேடித் திரும்பி வருவது போலத்தான் தெரிகிறது.

ஆனால் அதே பின்னிலத்தை எதிர்பார்த்து 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரும் நிற்கிறார். கோப்பரைப் பிரதான ரயில் பாதையோடு இணைத்தது வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைத் தடம் மட்டுமே. அதுதான் அந்தத் துறைமுகத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. கார்ஸ்ட் மேட்டைக் குடைந்து திவாச்சாவுக்கும் கோப்பருக்கும் இடையே 27 கிலோமீட்டர் புதிய தடத்தை ஸ்லோவேனியா போட்டுவருகிறது. ஹங்கேரியின் பெட்டிகளும் ஆஸ்திரியாவின் பெட்டிகளும் எந்தக் கரையில் இறங்கும் என்பதில், ஹைஃபாவைவிட இந்தச் சுரங்கப்பாதைக்குத்தான் பங்கு அதிகம்.